படகில் மலசலகூடம்: பொத்தானுக்கு முன்னர் தாங்கி

பாய்மரப் படகு வைத்திருப்போர் காற்றைப் பற்றியும் பாயைப் பற்றியும் நங்கூரத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவர். மலசலகூடத்தைப் பற்றி வாய் திறப்போர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு குடும்பம் இரண்டு நாட்களைப் படகில் கழிக்குமா, இரண்டு மணித்தியாலத்தில் கரைக்குத் திரும்புமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சிறிய அறைதான்.

இது படகுக்காரரின் பிரச்சினை, நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். ரொறொன்ரோ நகரில் நம்மவர்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அவர்கள் அருந்தும் நீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுக்கப்படுகின்றது. கோடைகாலத்தில் பாய்மரப் படகுகள் மிதப்பதும் அதே ஏரியில்தான். ஆகவே படகிலுள்ள ஒருவர் பொத்தானை அழுத்தும்போது கழிவு எங்கே போகின்றது என்று கேட்பதற்குக் கரையில் இருப்போருக்கும் உரிமையுண்டு.

படகுக்கு ஒரு வாளி போதும் என்பது பழைய மாலுமிகளின் வாதம். தனியாளாக உலகைச் சுற்றிவரும் 'வெண்டே குளோப்' போட்டியாளர்கள் இன்றும் வாளியையே பயன்படுத்துகின்றனர் என்று உதாரணமும் காட்டுவர். உண்மைதான். ஆனால் வெண்டே குளோப்பில் மாமியார் பயணஞ் செய்வதில்லை. கைப்பம்பி உள்ள மலசலகூடமாயின், ஒவ்வொரு முறையும் நெம்புகோலை இருபது, முப்பது தடவை மேலுங் கீழும் இழுக்க வேண்டும். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காத முதியவருக்கும் சிறு பிள்ளைக்கும் அது இயலாத காரியம். இயலாதென்று சொல்லவும் கூச்சப்பட்டு, "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று கரையிலேயே நின்றுவிடுவோர் உண்டு. இத்தகையோருக்கு மின்சார மலசலகூடத்தை ஆடம்பரம் என்று ஒதுக்குவது நியாயமன்று.

என் முறைப்பாடு வேறு. கடைக்குச் செல்வோர் பீங்கானின் அழகைப் பார்க்கின்றனர், பொத்தானை அழுத்திப் பார்க்கின்றனர், விலையைக் கேட்கின்றனர். தாங்கியைப் பற்றியோ குழாயைப் பற்றியோ கேட்பதில்லை. கேட்க வேண்டிய வரிசை நேர்மாறானது.

முதலில் தாங்கி. ஒன்ராறியோ மாகாணத்தில் உல்லாசப் படகின் மலசலகூடக் கழிவை நீரில் விடுதல் சட்டவிரோதம். அதைப் படகிலேயே தாங்கியொன்றில் சேமித்து, கரையிலுள்ள நிலையத்தில் உறிஞ்சி எடுக்கச் செய்ய வேண்டும். சுவீடன் 2015 ஏப்ரலில் தன் நீர்ப்பரப்பில் இதே தடையை விதித்தது. அமெரிக்காவின் பியூஜெற் சவுண்ட் 2018இல் கழிவு விடலாகாத வலயமாயிற்று. மின்சார மலசலகூடங்கள் பல ஒரு தடவைக்கு இரண்டு முதல் மூன்று லீற்றர் நீரைச் செலவிடுகின்றன. நால்வர் நாளொன்றுக்கு ஆறு தடவை வீதம் பயன்படுத்தினால், 60 லீற்றர் தாங்கி ஒரே நாளில் நிரம்பிவிடும். எனவே குறைந்த நீரில் இயங்கும் வகையைத் தேடுவதும், இடமிருந்தால் தாங்கியைப் பெருப்பிப்பதும் பீங்கானின் அழகைவிட முக்கியமானவை.

அடுத்தது படகின் அடியிலுள்ள துவாரம். வெளிநீரை உள்ளெடுத்துக் கழுவும் வகையாயின், நீர்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் விட்டமுடைய துவாரமும் அதனை மூட ஒரு வால்வும் வேண்டும். நீர்மட்டத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கும் அத்தகைய துவாரத்தின் குழாய் கழன்றால், மணித்தியாலத்துக்குச் சுமார் 1500 லீற்றர் நீர் உள்ளே வரும். குழாய் கழல வேண்டுமென்பதுகூட இல்லை. பீங்கானின் விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழிருந்து, குழாயின் வளைவை உயரத் தூக்கி அதன் உச்சியில் காற்று புகும் வால்வொன்றை வைக்காமல் விட்டால், நீர் தானாகவே இழுபட்டு வந்து நிரம்பும். எல்லோரும் உறங்கும் வேளையில் இது நிகழ்ந்தால் என்னாகும்? மலசலகூடத்தால் கலம் மூழ்குமா என்று சிரிப்போர், ஜேர்மனியின் யு-1206 நீர்மூழ்கியை நினைவிற் கொள்ளலாம். 1945 ஏப்ரலில் ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பால் அதன் மலசலகூட வால்வினூடாகப் புகுந்த கடல்நீர் பற்றறிகளைத் தொட்டு, குளோரின் வாயு எழுந்தது. மேற்பரப்புக்கு வர நேர்ந்த அக்கலம் பின்னர் கைவிடப்பட்டு மூழ்கியது.

ஆகையால் ஏரியில் ஓடும் படகுக்கு, உள்ளே சேமித்த நன்னீரில் கழுவும் வகையே சிறந்தது என்பது என் துணிபு. அடியில் ஒரு துவாரம் குறைகின்றது. குடிநீர்க் குழாயோடு இணைக்கும்போது நீர் பின்னோக்கிப் பாயாத தடுப்பு கட்டாயம் வேண்டும். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. கடலில் ஓடும் படகுக்கும் நன்னீர் நன்றே. குழாயில் தேங்கும் கடல்நீரில் நுண்ணுயிர்கள் மடிந்து அழுகுவதால் எழும் முட்டை நாற்றமும், சிறுநீரோடு கடல்நீர் சேர்ந்து குழாயின் உட்புறம் கல்லாகப் படிவதும் குறையும். ஆனால் நெடுங்கடலில் குடிநீரை அவ்வாறு செலவிட முடியுமா என்பதை அவரவரே கணக்கிட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிய அச்சம் வீணானது. 20 அம்பியர் இழுக்கும் மோட்டார் 20 செக்கன் ஓடினால், பற்றறியிலிருந்து செலவாவது 0.11 அம்பியர் மணியே. சிக்கல் கம்பியில் இருக்கின்றது. பற்றறிக்கும் மலசலகூடத்துக்கும் இடையே ஐந்து மீற்றர் தூரமாயின், போய்வரப் பத்து மீற்றர் கம்பி. 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பியைப் போட்டால், 12 வோல்ற்றில் ஏறக்குறைய ஒன்றரை வோல்ற் வழியிலேயே தொலையும். அரைக்கும் கத்தி மெதுவாகச் சுழன்று அடைபடும். பழி கம்பனி மீது விழும். 10 சதுர மில்லிமீற்றர் கம்பிக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம், அடைப்பைக் கையால் எடுக்க நேரும் நாளை நினைத்தால் பெரிதன்று.

"மழை பெய்தால் நகரத்தின் சாக்கடையே ஏரிக்குள் வழிகின்றதே, என் ஒரு வாளிக் கழிவா பெரிது?" என்பது படகுக்காரரின் வழமையான பதில். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் ரொறொன்ரோவின் பழைய பகுதிகளில் பெருமழையின்போது அவ்வாறு வழிவது உண்மையே. அதற்காக நகர சபையைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் நகரத்தின் கழிவு வழியும் இடங்கள் தெரிந்தவை, அளக்கக்கூடியவை. படகோ, பிள்ளைகள் நீந்தும் அமைதியான குடாவைத் தேடிப்போய் அங்கேதான் நங்கூரமிடுகின்றது.

வாங்குவோருக்கு இன்னுமொன்று. ஒன்ராறியோவில் குளிர்காலம் தொடங்குமுன் பம்பியிலும் குழாயிலும் எஞ்சிய நீரை வடித்து, புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்த உறைதடுப்புத் திரவத்தை ஓடவிட வேண்டும். உள்ளே நீர் உறைந்தால் பம்பி வெடிக்கும். அது வெடித்திருப்பது மே மாதத்தில், குடும்பத்தோடு படகேறிப் பொத்தானை அழுத்தும்போதுதான் தெரியவரும்.