புட்டி மாறியது, சர்க்கரை மாறியதா?



மாலை பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மாடம்பாக்கத்தில் ஏதாவது ஒரு பெட்டிக்கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பிள்ளைகளின் தோளில் தண்ணீர் பாட்டில் தொங்கும். காலையில் தாய் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். ஆனால் பத்து ரூபாயோடு கை நீளுவது எதற்கு? கலருக்கு! தாகம் தீர்க்கும் தண்ணீரைத் தோளில் சுமந்துகொண்டு, காசு கொடுத்துச் சர்க்கரைக் கரைசலை வாங்கிக் குடிக்கும் ஒரு தலைமுறையை நாம்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் இதை எதிர்க்கவில்லையா, போராடவில்லையா என்று கேட்பீர்கள். போராடினோம். எதை எதிர்த்துப் போராடினோம் என்பதுதான் கேள்வி.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்கள் அந்நிய நாட்டுக் குளிர்பானங்களுக்கு எதிராகவும் முழங்கினார்கள். அந்தச் சூட்டோடு, விக்கிரமராஜா தலைமையிலான வணிகர் சங்கங்களின் பேரமைப்பும், வெள்ளையன் தலைமையிலான பேரவையும் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. லாபம் தரும் சரக்கை வியாபாரியே வேண்டாம் என்று ஒதுக்கியது சாதாரண காரியமா? பாராட்ட வேண்டிய துணிச்சல்தான்.

அதே நாட்களில் தாமிரபரணி வழக்கும் நடந்தது. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆற்று நீர் கொடுக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுக்கப்படுகிறது என்று அந்த வழக்கில் சொல்லப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், லிட்டர் நாலு காசுகூட இல்லை! 2017 மார்ச் 2 அன்று, அதாவது வணிகர்களின் புறக்கணிப்பு தொடங்கிய மறுநாளே, அந்தத் தடை விலக்கப்பட்டது.

பிறகு நடந்தது என்ன? ஒதுக்கிய புட்டி இருந்த இடத்தில் உள்ளூர்ப் புட்டி ஏறியது. சில மாதங்களில் பழைய புட்டியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2023க்குப் பிறகு காஸாவின் பெயரால் நம் இளைஞர்கள் பலர் அதே புட்டிகளைத் தள்ளி வைத்தார்கள். அப்போதும் கல்யாணப் பந்தியில் தண்ணீரா வந்தது? வேறு கம்பெனியின் கலர்தான் வந்தது! அதே 2023ல் ரிலையன்ஸ் நிறுவனம் பழைய கேம்பா கோலாவைத் தூசு தட்டி, 200 மில்லி பத்து ரூபாய்க்குச் சந்தையில் இறக்கியது. பத்து ரூபாய் யாருடைய கையில் இருக்கும் காசு? பள்ளிப் பிள்ளையின் கையில் இருக்கும் காசு!

சகோதரர்களே, சர்க்கரைக்குத் தேசம் கிடையாது. அமெரிக்கச் சர்க்கரை பல்லை அரிக்கும், உள்ளூர்ச் சர்க்கரை அரிக்காது என்று எந்த மருத்துவராவது சொல்வாரா? லேபிளைத் திருப்பிப் படியுங்கள். இந்தப் பானங்களில் பலவற்றில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. 200 மில்லி குடித்தால் 20 கிராம், ஐந்து தேக்கரண்டி. பிள்ளையின் டீயில் ஐந்து கரண்டி போட எந்தத் தாய்க்காவது மனம் வருமா? சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாள் உணவுச் சக்தியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் அறிவுறுத்தியது. அந்த 5 சதவீதத்தைச் சிறு பிள்ளைக்கு ஒரே புட்டி தீர்த்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் பிஸ்கட்டும் மிட்டாயும் வேறு காத்திருக்கின்றன.

வளைகுடாவில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் தம்பிகளைக் கேளுங்கள். 2017ல் சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இந்தக் குளிர்பானங்கள் மீது 50 சதவீத வரி விதித்தன. கம்பெனி எந்த நாட்டுக்காரன் என்று அந்த வரி பார்க்கவில்லை.

வணிகப் பெருமக்களே, ஒரு சட்டம் உங்கள் கடை வாசலுக்கே வந்திருக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூட வளாகத்திலும், அதன் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. அதிகாரி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கப் போகிறீர்களா? 2017ல் உங்களை எந்த அதிகாரி வற்புறுத்தினார்? கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜில் கம்பெனி சரக்கு இருக்கட்டும், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைக்க யாருடைய அனுமதி வேண்டும்? மோரும் இளநீரும் விற்றால் லாபம் வராதா? யூனிஃபார்ம் போட்ட பிள்ளை வந்து கலர் கேட்டால், "முதலில் தண்ணீர் குடி கண்ணு" என்று சொல்லும் உரிமை தெருக்கடைக்காரருக்கு உண்டு. சூப்பர் மார்க்கெட்டுக்கு அந்த உறவு கிடையாது.

தண்ணீரைக் குடி என்று பிள்ளையிடம் சொல்லும் நாம் எந்தத் தண்ணீரை என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? 2025 ஜூன் இறுதியில் தமிழகப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் மணி அடித்தால் மட்டும் தாகம் தீருமா? குழாயில் நம்பிக் குடிக்கும் தண்ணீர் வர வேண்டும். கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் பயந்தே நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காத பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டில் விசாரித்துப் பாருங்கள்!

மாடம்பாக்கம் ஏரிக்குள் இருக்கும் கிணறுகள் சுற்றுப்புறத்தின் தாகம் தீர்த்தவை. அந்த ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்று மக்கள் பல ஆண்டுகளாகக் கூக்குரல் இடுகிறார்கள். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊரின் அந்தஸ்து உயர்ந்தால் ஏரியின் நிலையும் உயர வேண்டாமா? ஏரியைச் சாக்கடையிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையைக் கலர் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, நாம் யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது?

எனவே மூன்று காரியங்கள். வீட்டில் விருந்தாளிக்கும் பிள்ளைக்கும் முதலில் தண்ணீர் வையுங்கள். தகப்பன் கலர் குடித்துக்கொண்டு மகனுக்குப் புத்தி சொன்னால் எடுபடாது. கடையில் பானை வையுங்கள், பள்ளிப் பிள்ளைக்குக் கலர் விற்காதீர்கள். இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து உங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக் குழாயையும் கழிப்பறையையும் போய்ப் பாருங்கள். குறை இருந்தால் மாநகராட்சியில் மனுக் கொடுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.

கம்பெனியைப் புறக்கணிப்பது ஒரு மாத வீரம். பிள்ளையைத் தண்ணீருக்குப் பழக்குவது ஆயுள் முழுவதற்குமான வெற்றி. எது வேண்டும்? சிந்திப்போம்! செயல்படுவோம்!