தள்ளுபடி கடைக்குப் போகலாமா?

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் எந்தப் பெரிய தள்ளுபடி கடைக்குப் போனாலும் ஜே ஜே என்று கூட்டம்! வண்டி நிறுத்த இடம் இல்லை. சாமான் போடத் தள்ளுவண்டி கிடைக்கவில்லை. பில் போடும் இடத்தில் அனுமார் வால் போல நீளமான வரிசை.

"அங்கே போனா பருப்பு மலிவு, எண்ணெய் மலிவு, சோப்பு மலிவு" என்கிறார்கள் இல்லத்தரசிகள்.

"எங்க பொழப்பு போச்சுங்க" என்கிறார்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர்கள்.

இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. அப்படியானால் குடும்பங்கள் பெருங்கடைக்குப் போகலாமா, கூடாதா?

"போகவே கூடாது" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயம் ஆகாது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் குமாஸ்தாவிடம் போய், "கிலோவுக்கு 10 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கு" என்று உபதேசம் செய்ய முடியாது. அந்த 10 ரூபாய் அவருக்குப் பஸ் காசு. பிள்ளைக்கு நோட்டு, பேனா.

ஆனால் உண்மையிலேயே அந்தப் பணம் மிச்சம் ஆகிறதா? அங்கேதான் இருக்கிறது விஷயம்!

மலிவு எப்படி?

பெருங்கடை முதலாளி தர்மம் செய்யவில்லை. லாரி லாரியாகக் கொள்முதல் செய்கிறார். கம்பெனியிடம் நேராக விலை பேசுகிறார். நடுவில் இருக்கும் ஏஜெண்டு கமிஷன் மிச்சமாகிறது. அதில் ஒரு பங்கை வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கிறார். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

பாக்கெட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச சில்லரை விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது. குறைத்து விற்க எந்தத் தடையும் இல்லை. தெருக்கடையில் கேட்டால் அண்ணாச்சியும் பல சாமான்களுக்கு ஒன்று இரண்டு குறைப்பார். அங்கே கேட்க ஜனங்களுக்குத் தோன்றுவதில்லை. பெருங்கடையிலோ, கேட்காமலே கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறது!

பர்ஸ் எப்படிக் காலியாகிறது?

அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கத்தான் வருகிறார்கள். அவை பெரும்பாலும் கடையின் உள்கோடியில் இருக்கும். அதுவரை நடக்க வேண்டும். வழி நெடுக பிஸ்கட், பிளாஸ்டிக் டப்பா, துணிமணி. பில் போடும் இடத்தில் சாக்லேட், அதுவும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு குடும்பத்தின் மளிகைப் பட்டியல் 4,000 ரூபாய். தள்ளுபடி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 320 ரூபாய். போக வர பெட்ரோல், பார்க்கிங் 100 ரூபாய். கையில் நிற்பது 220.

பட்டியலில் இல்லாத பிஸ்கட் 250. டப்பா 200. பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் 150. ஆக 600 ரூபாய்!

மிச்சம் பிடிக்கப் போன குடும்பம் 380 ரூபாய் கூடுதலாகச் செலவு செய்துவிட்டுத் திரும்புகிறது. "ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்" என்ற அட்டையைப் பார்த்து எடுத்தால் கணக்கு இன்னும் ஏறும். அந்த மூன்றாவது பாக்கெட் அலமாரியில் கிடந்து தேதி முடிந்து குப்பைக்குப் போனால் அது இலவசமா?

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்பதும் எப்போதும் உண்மை இல்லை. ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கைப்பை விஷயமும் உண்டு. பைக்குத் தனிக் காசு என்றால், சாமான் எடுப்பதற்கு முன்பே அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. வீட்டிலிருந்து மஞ்சப்பை கொண்டு போனால் அந்த வம்பே இல்லை.

தெருக்கடை எதற்கு?

பில்லில் வராத கணக்கு ஒன்று உண்டு.

அன்றாடக் கூலி வாங்கும் குடும்பம் மாத மளிகை வாங்காது. 50 கிராம் மிளகாய்த்தூள், 100 மில்லி எண்ணெய், 10 ரூபாய்க்கு சர்க்கரை என்றுதான் வாங்கும். அதை நிறுத்துக் கொடுக்கத் தெருக்கடைதான் இருக்கிறது. "சம்பளம் வந்ததும் தர்றேன் அண்ணாச்சி" என்றால் நோட்டில் எழுதிக்கொள்வதும் அங்கேதான். அந்தக் கடனுக்கு வட்டி இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தை சென்னை மறக்கவில்லை. பல பேட்டைகளில் கரண்ட் இல்லை. போன் இல்லை. கார்டு தேய்க்க வழியில்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலையில் பால் பாக்கெட்டுக்கும் சில்லரை இல்லை. 2020 ஜூனில் சென்னையில் முழு ஊரடங்கு போட்டபோது, வண்டி எடுக்காமல் 2 கிலோமீட்டருக்குள் வாங்கிக்கொள்ளச் சொன்னது அரசு.

அந்த நாட்களில் கைகொடுத்தது யார்? முகம் தெரிந்த தெருமுனைக் கடைக்காரர்!

ஆனால் மாத மளிகை முழுவதும் பெருங்கடைக்கு, கறிவேப்பிலையும் கடனும் மட்டும் அண்ணாச்சிக்கு என்றால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? கடை வாடகை இருக்கிறது. கரண்ட் பில் இருக்கிறது. ஒருநாள் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு முதல் அடி விழுவது வண்டி இல்லாத முதியவர்களுக்கும் கூலிக் குடும்பங்களுக்கும்தான்.

அமெரிக்காவில் நடந்தது

இது வெறும் பயம் இல்லை. அமெரிக்காவில் 1962-ல் ரோஜர்ஸ் என்ற சிற்றூரில் ஒரே ஒரு கடையாகத் தொடங்கியது வால்மார்ட். அது பரவிய பிறகு அயோவா மாநிலத்து ஊர்களின் வியாபாரத்தைப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன் ஆராய்ந்தார். பெருங்கடை வந்த ஊரில் மொத்த விற்பனை கூடியது. ஆனால் அதே சாமான்களை விற்ற உள்ளூர்க் கடைகள் அடிவாங்கின. சுற்றியிருந்த சிற்றூர்கள் வியாபாரத்தைப் பறிகொடுத்தன.

சில்லரை வியாபாரத்தில் வெளிநாட்டு முதலீட்டுக்கு மத்திய அரசு 2012-ல் 51 சதவீதம் வரை கதவு திறந்தது. நாடு முழுவதும் கடைக்காரர்கள் கொதித்தார்கள். தமிழக அரசும் எதிர்த்தது. ஆனால் போட்டிக்கு வெள்ளைக்காரன் வர வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. உள்நாட்டுப் பெருங்கடைகளே போதுமானதாகிவிட்டன!

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

வாடிக்கையாளரின் பரிதாபத்தை நம்பிக் கடை நடத்த முடியாது. விலைப் பலகை வைக்க வேண்டும். எடை சரியாக இருக்க வேண்டும். தேதி முடிந்த பாக்கெட்டைத் தள்ளிவிடக் கூடாது. கேட்டால் முகம் சுளிக்காமல் பில் தர வேண்டும்.

சேர்ந்து வாங்கினால் மலிவு என்பது பெருங்கடைகள் கண்டுபிடித்த வித்தை இல்லை. சென்னை திருவல்லிக்கேணியில் 1904-லேயே நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி அதைச் செய்து காட்டினார்கள். ஒரே பேட்டையின் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கொள்முதல் செய்தால் கிலோவுக்கு நாலு காசு நிச்சயம் குறையும்.

குடும்பங்கள் என்ன செய்யலாம்?

பெருங்கடைக்குப் போகட்டும். கையில் பட்டியலோடு போகட்டும். வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பட்டியலில் இல்லாததைத் தொட வேண்டாம். போனோமா, வாங்கினோமா, வந்தோமா என்று இருந்தால் தள்ளுபடி வீட்டுக்கு வந்து சேரும்.

ஆனால் மளிகை முழுவதையும் அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். மாதப் பட்டியலில் பாதியாவது தெருக்கடைக்குப் போகட்டும். விலை பேசி வாங்கட்டும். வாங்கிய பாக்கியை முதல் தேதியிலேயே தீர்க்கட்டும்.

அப்படிக் கொடுக்கும் ஐந்து, பத்தை நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அடைமழை ராத்திரியில் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ரொட்டி வாங்க ஓடும்போது, கடை திறந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்குக் கட்டும் சந்தா அது!