பூசணம் பிடித்த வேர்க்கடலை நாய்க்கு மட்டும் ஆகுமா?

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் வேர்க்கடலை போடும் குடியானவர் வீட்டில் காவலுக்கு ஒரு நாயாவது இருக்கும். இரவில் கொல்லையில் பன்றி இறங்கினால் குரைப்பதும், களத்தில் காயும் கடலைக்குக் காவல் கிடப்பதும் அதன் வேலை. கூலி கேட்காத ஆள். அந்த ஆளுக்கு நாம் போடும் சாப்பாடு எது? மனிதருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது என்று ஒதுக்கியதுதான். மழையில் நனைந்து பச்சை பூத்த கடலை, கட்டி தட்டிய பிண்ணாக்கு, பூசண வாடை அடிக்கும் மாவு, எல்லாவற்றையும் கூழில் கரைத்து ஊற்றிவிடுகிறோம். நாய்தானே, எதையும் செரிக்கும் என்று சமாதானம் வேறு! இந்தப் பழக்கம் அடியோடு நிற்க வேண்டும் என்பதே என் கருத்து.

கடலையில் படரும் மஞ்சள் கலந்த பச்சைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் மடிந்தன. அதன் பிறகே இந்த நஞ்சு இன்னதென்று தெரிந்தது. இது ஈரலைக் கெடுப்பது. வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதும் போகாது. மேலே உள்ள பூசணத்தைத் துடைத்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல; நஞ்சு பருப்பினுள் இருக்கும். இதைச் சற்றும் தாங்காத பிராணிகளில் நாயும் ஒன்று.

நம் நாட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள். 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பருவம் தவறிய மழையில் மக்காச்சோளம் நனைந்து பூசணம் பிடித்தது. வேறு தானியம் இல்லாத ஏழைக் குடும்பங்கள் அதையே உண்டன. 200க்கு மேற்பட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலை பரவியது, வயிறு வீங்கியது. நோய் கண்ட 397 பேரில் 106 பேர் இறந்தனர். அதே வீட்டுச் சோற்றைத் தின்ற நாய்களும் அதேபோல் காமாலை கண்டு, வயிறு வீங்கிச் செத்தன. ஒரே மூட்டைதான் இரு சாராருக்கும் எமனாயிற்று. நாய்க்கு ஊற்றிய பிண்ணாக்கின் மீதியைக் கறவை மாடு தின்றால் அந்த நஞ்சில் ஒரு பங்கு பாலிலும் இறங்கும் என்பதை மறக்கக்கூடாது.

நாய் தீனி எடுக்காமல் சுருண்டு படுத்து, வாந்தி எடுத்து, கண்ணும் ஈறும் மஞ்சளாகி, கரிய நிறத்தில் மலம் கழித்தால் மந்திரித்துக்கொண்டிராமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும். போட்ட தீனியில் ஒரு பிடியையும் எடுத்துச் செல்வது நல்லது.

நல்ல தீனிக்குப் பெரிய செலவில்லை. கேழ்வரகுக் களி அல்லது சோறு, அதனுடன் வேகவைத்த முட்டையோ பருப்போ, கொஞ்சம் மோர், இவ்வளவு போதும். வெறும் கஞ்சித் தண்ணீரில் உடம்பு தேறாது. வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை, குட்டிக்கு மூன்று நான்கு வேளை. வெங்காயம் போட்ட குழம்பு வேண்டாம். அது இரத்தத்தைக் கெடுக்கும். சமைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும்.

ஆடியில் அம்மனுக்கு ஆடு வெட்டும் வீடுகளில் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசுவதைப் பார்க்கிறோம். அவற்றில் நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டை நம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் வரும். நன்றாக வேகவைத்தே போட வேண்டும். கட்டி தெரிந்தால் அதுவும் வேண்டாம், புதைத்துவிடலாம்.

கடலையைச் செடியிலிருந்து ஆய்ந்ததும் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் வரும்வரை காயவைத்து, தரையில் படாமல் பலகை மேல் மூட்டைகளை அடுக்கினால் பூசணம் பிடிப்பது பெரும்பாலும் குறையும். அதையும் மீறிக் கெட்டதை ஆழமான குழியில் போட்டு மூடுங்கள். திறந்த எருக்குழியில் கொட்டினால் மறுநாளே நாயும் கோழியும் கிளறித் தின்னும்.