பட்டிக்கு அகப்படாத அழுத்தம்

‘பிறஷர்’ என்னும் சொல் நம் வீடுகளில் தமிழாகவே வழங்குகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கையிலே பட்டி கட்டி அதனை அளந்து பாராத முதியோர் அரியர். ஆயின், அந்தப் பட்டிக்கு அகப்படாத அழுத்தமொன்றும் உண்டு. இதயத்தின் வலப்புறமிருந்து சுவாசப்பைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகள் தடித்து ஒடுங்குவதால் விளைவது அது. சுவாசப்பை நாடி மிகையழுத்தம் என அதனைக் கூறலாம்.

வைத்தியனல்லாத நான் இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் மொழியே.

மாடிப்படி ஏறினால் இளைப்பு, ஓயாத களைப்பு, நெஞ்சு நோ, மயக்கம், பின்னர் கால் வீக்கம்: இவையே இந்நோயின் குறிகள். ஆண்களிலும் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது, இளவயதினரையும் விடுவதில்லை. ‘கையிலே பிறஷர் சரியாகத்தானே இருக்கிறது, இது முட்டு, அல்லது இரத்தக்குறைவு’ என்று ஆறியிருக்கையில் ஆண்டுகள் கழிந்துவிடும். இதயத்தின் ஸ்கான் படம் ஐயத்தை எழுப்பும். இதயத்தினுள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்தே நோயை உறுதி செய்வர். அங்கே சராசரி அழுத்தம் இரசத்தில் 20 மில்லிமீற்றருக்கு மேற்படின் மிகையழுத்தம் என்பது இன்றைய வரையறை.

இதற்கு வழங்கும் மருந்துகளுள் ஒன்று சில்டெனாபில். 1998 இல் ‘வயகரா’ என்ற பெயரோடு ஆண்மைக் குறைபாட்டுக்கென விற்பனைக்கு வந்த அதே மருந்து, 2005 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்நோய்க்கும் அங்கீகரிக்கப்பட்டது. காரணம் சொல்லப்படாத ஒரு பெண், அம்மருந்தின் மற்றப் பெயரை அறிந்தால் நாணி அதனை ஒதுக்கிவிடக்கூடும். நெஞ்சுநோவுக்கு நாவின்கீழ் வைக்கும் நைத்திரேற்று மாத்திரையோடு அது சேர்ந்தால் குருதியழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழும். பொசென்டான் என்னும் இன்னொரு மருந்து கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். இவற்றை நோயாளி தன் மொழியில் அறியாதிருத்தல் தகுமா?

‘இவை தமிழுக்கு அடங்கா’ என்பாருளர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களைத் தமிழிற் தந்தார். அன்று அடங்கிய தமிழ் இன்று எங்ஙனம் அடங்காது போகும்?

ஆசிரியர்களே, மாணவர்களே, வைத்தியரோடு கூடியிருந்து இத்தகைய மருந்துகளுக்கு ஒரு பக்கக் குறிப்பேனும் தமிழில் எழுதுங்கள். பழம்பெருமை பேசும் மேடைகள் நமக்கு ஏராளம். மூச்சு முட்டி நிற்பவருக்கு வேண்டியது அவருக்கு விளங்கும் ஒரு வசனம்.