கரைப்பானும் தரவின் ஒரு பகுதியே

புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையில் கரைப்பான் வெறும் ஊடகமாக நிற்பதில்லை; கரைபொருளைச் சூழ்ந்து, அதன் புரோட்டான்கள் உணரும் காந்தப்புலத்தையே சற்று மாற்றிவிடுகிறது. எத்தில் அசிட்டேட்டின் அசிட்டைல் மெத்தில், டியூட்டிரோகுளோரோஃபார்மில் 2.05 பிபிஎம்மில் வரும், டியூட்டிரோபென்சீனில் 1.65-க்கு இறங்கும். கரைப்பானைக் குறிப்பிடாத வேதிப்பெயர்ச்சி மதிப்பு பாதித் தகவல்தான்.

இந்த இறக்கத்துக்குக் காரணம் பென்சீன் வளையத்தின் மின்னோட்டம். அது வளையத் தளத்துக்கு மேலும் கீழும் புலத்தைக் குறைக்கிறது. முனைவுள்ள மூலக்கூறின் நேர்மின் பகுதியைப் பென்சீன் நாடுவதால், அங்குள்ள புரோட்டான்கள் கூடுதலாக மறைக்கப்படுகின்றன. டைமெத்தில்ஃபார்மமைடின் இரு மெத்தில்களும் குளோரோஃபார்மில் 2.96, 2.88 என ஒட்டி நிற்கும், பென்சீனில் 2.36, 1.86 என நன்றாக விலகிவிடும். உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது உயர்புலக் கருவியைத் தேடுமுன் கரைப்பானை மாற்றிப் பார்ப்பதே மலிவான வழி. ஆய்வகங்களில் இது இன்னும் போதிய அளவு கையாளப்படுவதில்லை.

ஹைட்ராக்சில் புரோட்டான்களில் கரைப்பானின் கை இன்னும் ஓங்கியிருக்கும். குளோரோஃபார்மில் அவற்றின் இடம் செறிவையும் வெப்பநிலையையும் பொறுத்து அலையும். அமிலத் தடயம் இருந்தால் விரைவான பரிமாற்றத்தால் பிளவும் மறைந்துபோகும். டியூட்டிரோ டைமெத்தில் சல்ஃபாக்சைடு அவற்றை வலுவான ஹைட்ரஜன் பிணைப்பில் பிடித்துப் பரிமாற்றத்தை மந்தமாக்குகிறது. அதில் முதல்நிலை ஆல்கஹாலின் ஹைட்ராக்சில் மும்மையாகவும், இரண்டாம்நிலையினது இரட்டையாகவும், மூன்றாம்நிலையினது ஒற்றையாகவும் தெரியும். ஆல்கஹாலின் வகையை ஒரே நிறமாலையில் சொல்லிவிடும் இந்த முறையைச் சாப்மனும் கிங்கும் 1964-லேயே விளக்கினர். கனநீரிலும் டியூட்டிரோமெத்தனாலிலும் அந்த உச்சியே காணாமல் போகும். பரிமாறும் புரோட்டான் எது என்று உறுதிசெய்ய அதுவும் உதவும்.

கரைப்பானின் எச்ச உச்சிகள் பலருக்கும் மனப்பாடம்: குளோரோஃபார்ம் 7.26, சல்ஃபாக்சைடு 2.50. பின்னது ஐந்தாகப் பிளப்பது, அதே கார்பனில் இரு டியூட்டிரியங்கள் இருப்பதால். அதிகம் ஏமாற்றுவது நீர் உச்சி. குளோரோஃபார்மில் 1.56, அசிட்டோனில் 2.84, சல்ஃபாக்சைடில் 3.33, பென்சீனில் 0.40 என அது இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

பழைய டியூட்டிரோகுளோரோஃபார்மில் சேரும் ஹைட்ரஜன் குளோரைடு, அசிட்டால் போன்ற அமிலம் தாங்காத சேர்மங்களைக் குழாய்க்குள்ளேயே சிதைக்கக்கூடும். காரத்தன்மையுள்ள அலுமினாவின் வழியே வடித்துப் பயன்படுத்தினால் இது தவிரும்.

கனநீரில் வேறொரு சிக்கல். வழக்கமான குறிப்புப்பொருளான டெட்ராமெத்தில்சிலேன் அதில் கரையாது. எச்ச நீர் உச்சியை 4.79 எனக் கொள்ளும் வழக்கம் 25 டிகிரி செல்சியசை ஒட்டித்தான் செல்லும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் அது ஏறத்தாழ 0.01 பிபிஎம் இறங்கும். எனவே நீர்க்கரைசல்களுக்கு டிஎஸ்எஸ் போன்ற கரையும் குறிப்புப்பொருளைச் சேர்த்து, அளந்த வெப்பநிலையையும் சேர்த்து எழுத வேண்டும்.