பேஸ் கிட்டாருக்கு முதலில் ஆம்ப்ளிஃபயர் வேண்டாம்

பேஸ் கிட்டார் வாங்கியாகிவிட்டது. கூடவே ஒரு சின்ன பிராக்டிஸ் ஆம்ப்ளிஃபயரும் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் மேஜை மேல் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் அபார்ட்மென்டில் குடியிருப்பவர் என்றால், அந்தப் பணத்தை ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸிலும் நல்ல ஹெட்போனிலும் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

சின்ன ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை 8 அங்குல ஸ்பீக்கருடன் வருகின்றன. ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்சு கிரஷ் பேஸ் 25 இரண்டும் அப்படித்தான், இரண்டும் 25 வாட். பேஸ் கிட்டாரின் தடித்த ‘ஈ’ கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் ஒலி 41 ஹெர்ட்ஸ். இவ்வளவு சின்னப் பெட்டியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகத் தேய்ந்துவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மேலே உள்ள துணை ஒலிகளைக் கேட்டு நம் மூளைதான் அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது.

அடிச்சுரம் சரியாக வராவிட்டாலும், 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை உள்ள ‘டம் டம்’ நன்றாகவே வரும். அபார்ட்மென்டின் நாலரை அங்குலச் செங்கல் சுவர் பேச்சை ஓரளவு தடுக்கும், இந்த டம் டம்மைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாட்டு கேட்காது, சுவர் அதிர்வது மட்டும் தெரியும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வதே ஏறக்குறைய 60 டெசிபல் வரும்! சிறுசேரியிலிருந்தோ தரமணியிலிருந்தோ வீடு திரும்பிச் சாப்பிட்டுக் கிட்டாரைக் கையில் எடுக்கும்போது மணி பத்தாகிவிடும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய சிக்கல்.

சரி, வெளியில் வாசிக்க உதவுமே என்கிறீர்களா? நம் பகுதியில் புதிதாகப் பேஸ் பழகுபவர்கள் பலர் சபைகளில் வாசிப்பவர்கள். டிரம்ஸ் பக்கத்தில் 15 வாட், 25 வாட் எடுபடாது. அங்கே டிஐ பாக்ஸ் வழியாக மிக்சரில்தான் செருகுவார்கள். ஆக, வீட்டுக்கு அதிகம், மேடைக்குப் போதாது. இரண்டுங்கெட்டான்.

இனி கம்ப்யூட்டர் வழி. கிட்டார் வயரை ஒரு கன்வெர்ட்டர் பின் போட்டு லேப்டாப்பின் மைக் துளையில் செருகுவதை நான் சொல்லவில்லை. கிட்டாரின் பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவு இன்புட் இம்பிடன்ஸ் வேண்டும். மைக் துளையில் சில கிலோ ஓம்தான் இருக்கும், ஒலி மந்தமாகிவிடும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ என்று தனி ஸ்விட்ச் இருக்கும். அதை மறக்காமல் போடுங்கள்.

அடுத்த தொல்லை தாமதம். கம்பியைத் தட்டுகிறீர்கள், சத்தம் ஒரு நொடி யோசித்துவிட்டு வருகிறது. பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் ஆம்ப்ளிஃபயர் கடைக்கு ஓடுகிறார்கள். பழி கம்ப்யூட்டர் மேல் அல்ல, டிரைவர் மேல். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் கம்பெனியின் ஏசியோ டிரைவரை நிறுவுங்கள். கம்பெனி தராவிட்டால் இலவசமான ‘ஏசியோ ஃபார் ஆல்’ இருக்கிறது. பஃபர் அளவை 128 சாம்பிள் என வையுங்கள். 48 கிலோ ஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி செகண்டு. போக வர எல்லாம் சேர்த்து 10 மில்லி செகண்டுக்குள் வந்தால் போதும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லி செகண்டு ஆகிறது. மேடையில் ஆம்ப்ளிஃபயருக்குப் பதினோரு அடி தள்ளி நிற்பவருக்கும் இதே 10 மில்லி செகண்டு தாமதம் உண்டு, அவர் யாரிடமும் புகார் சொல்வதில்லை. பாட்டு ‘கரகர’ என்று உடைந்தால் பஃபரை 256 ஆக்குங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: புளூடூத் ஹெட்போன் ஆகவே ஆகாது. அதில் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதம் சகஜம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டிலேயே பேஸ் ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. மற்றவர்களுக்கு ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சாதாரணமான சின்ன ஆம்ப்ளிஃபயர்களில் அது கிடையாது. டெமக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ஒரு பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்காகப் பிரித்துவிடும். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸையும், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் தனியே எடுத்துக் கேட்டுப் பாருங்கள். குரலுக்குப் பின்னால் இத்தனை வேலை நடக்கிறதா என்று அசந்துபோவீர்கள். ஆடாசிட்டியில் டெம்போவை 70 சதவீதமாகக் குறைத்தால் சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும். மெதுவாகப் பழகி, பிறகு பேஸ் இல்லாத மீதிப் பாட்டுடன் நீங்களே வாசிக்கலாம். வாத்தியார் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், இது தினமும் கூடவே இருக்கும்.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் மின்சாரத்தின் ‘ஹம்’ 50 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத பழைய வீட்டில் நீங்கள் வாசிக்காமலேயே ஒருவர் கூடவே ஜி வாசித்துக்கொண்டிருப்பார். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் இரைச்சல் இன்னும் கூடும். இன்டர்ஃபேஸுக்கு வேண்டிய 5 வோல்ட் யூஎஸ்பியிலிருந்தே வந்துவிடுகிறது. லேப்டாப்பின் அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வாசித்தால், அடாப்டர் வழியாக வரும் இரைச்சலும் நின்றுவிடும்.

கம்ப்யூட்டரைத் திறந்தாலே ஆபீஸ் ஞாபகம் வருகிறது என்பவர்களும் உண்டு. நியாயம்தான். அவர்கள் வாக்ஸ் ஆம்ப்ளக் பேஸ் போல கிட்டாரிலேயே செருகும் பேட்டரி ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்.

மாடம்பாக்கம், வேங்கைவாசல் பக்கம் தனி வீடு இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரே வேண்டும் என்றால் வாங்குங்கள், தடுக்கவில்லை. ஆனால் 8 அங்குலத்தோடு நிற்காமல் 10 அங்குல ஸ்பீக்கருக்குப் போங்கள், ரம்பிள் 40 போல. ஹெட்போன் துளையும், பாட்டை இணைக்க ஆக்ஸ் துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். 1842 முதல் இருக்கும் அண்ணா சாலை மியூசி மியூசிகல் ஆனாலும் சரி, வேறு கடை ஆனாலும் சரி, உங்கள் கிட்டாரையே கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். கடைக்காரர் சத்தமாக வைத்துக் காட்டுவார். நீங்கள் வால்யூமை வீட்டில் வைக்கப்போகும் அளவுக்குக் குறைத்து, தடித்த கம்பியை மட்டும் வாசித்துக் கேளுங்கள்.