குற்றத்துக்கு ஜூரி, கணக்குக்கு மட்டும் ஜட்ஜா?

திருடியவன் ஜெயிலுக்குப் போனால் போதுமா? போன பணத்தை யார் தருவது? பறிகொடுத்தவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

அமெரிக்காவில் இதற்கு 1996-ல் ஒரு சட்டம் வந்தது. மத்திய கோர்ட்டுகளுக்கு வரும் பல குற்றங்களில், பறிகொடுத்தவருக்குக் குற்றவாளி முழு நஷ்டஈடு கட்டியே தீர வேண்டும். ‘கையில் காசு இல்லை’ என்று சொன்னாலும் தொகை குறையாது.

நல்ல சட்டம்தான். ஆனால் எவ்வளவு கட்டுவது என்று முடிவு செய்வது யார்? வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

ஜூரி என்றால் பொதுஜனத்திலிருந்து பொறுக்கி எடுத்த ஆட்கள். நம்ம சென்னையிலும் ஒரு காலத்தில் இருந்ததுதான். 1945-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சொன்னது ஜூரிதான். 1947-ல் இருவரும் விடுதலை ஆனது வேறு கதை.

இங்கே ஜூரி ஒழிந்தது. அமெரிக்காவில் இன்றும் உண்டு. ‘சந்தேகத்துக்கு இடமில்லாமல்’ குற்றம் ருசுவானதா என்று 12 பேர் சொல்ல வேண்டும்.

ஆனால் நஷ்டஈட்டுக் கணக்கு மட்டும் ஜட்ஜ் கையில்! அதற்கு அவ்வளவு கறாரான ருசு வேண்டாம். தராசு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலே போதும்.

கடைக்காரர்களே, யோசித்துப் பாருங்கள். கல்லாவில் இருந்து போனது 5 ஆயிரமா, 50 ஆயிரமா? திருடினான் என்பதற்கு அத்தனை சாட்சி கேட்கிறோம். எவ்வளவு திருடினான் என்பதற்கு வேண்டாமா?

அபராத விஷயத்தில் இதே கேள்வி வந்தது. ரோட் ஐலண்டில் அனுமதியில்லாமல் பாதரசம் வைத்திருந்த ஒரு காஸ் கம்பெனி மாட்டியது. நாள் ஒன்றுக்கு 50 ஆயிரம் டாலர் வரை அபராதம். எத்தனை நாள் என்று ஜூரி தனியாகச் சொல்லவில்லை. ஜட்ஜ் 762 நாள் என்று எடுத்துக்கொண்டார். 2012-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஒப்பவில்லை. அபராதத்தை ஏற்றும் விவரத்தை ஜூரிதான் சொல்ல வேண்டும் என்றது.

அபராதம் சர்க்காருக்குப் போகிறது. நஷ்டஈடு பறிகொடுத்தவருக்குப் போகிறது. கட்டுகிறவன் பை ஒன்றுதானே?

2019-ல் 3,29,767 டாலர் நஷ்டஈட்டு வழக்கு ஒன்று அதே கோர்ட்டுக்குப் போனது. விசாரிக்கவே மறுத்துவிட்டது! கோர்சச், சோட்டோமயர் என்ற இரண்டு ஜட்ஜுகள் மட்டும், ‘இதை விசாரித்திருக்க வேண்டும்’ என்று எழுதி வைத்தார்கள்.

நஷ்டஈடு தண்டனையே இல்லை என்று சில கோர்ட்டுகள் சொல்லி வந்தன. 2026 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்த 1996 சட்டப்படி கட்டுவது தண்டனைதான் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. தண்டனை என்றால் ஜூரி வேண்டாமா?

ஜூரி உட்கார்ந்து பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தால் பறிகொடுத்தவருக்கு நாளாகும் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் ஜட்ஜ் போட்ட கணக்கு மட்டும் வசூலாகிவிட்டதா? 1996-ல் 600 கோடி டாலருக்கும் குறைவாக இருந்த பாக்கி, 2016-ல் 11 ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. காகிதத்தில் பெரிய தொகை எழுதினால் பறிகொடுத்தவர் வயிறு நிறையாது.

திருடனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. எடுத்ததைக் கக்கட்டும். ஆனால் ‘எடுத்தான்’ என்று சொன்ன அந்த 12 பேரே, ‘இவ்வளவு எடுத்தான்’ என்றும் சொல்லட்டும்.